பதினோரு விநாடி

"வார்டு மொத்தமும் காலியாக் கிடக்கு. ஒரு ஈ காக்கா இல்ல. கட்டில்ல விரிப்பெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு. பாத்தா சிரிப்புக்கூட வருது..."

செத்துப்போன ஊனாவின் குரல், தோட்டத்துச் சுவர்மேல் மைக்குக்குப் பக்கத்தில் இருந்த போனிலிருந்து வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அவள் கணவன் மலக்கி. அந்தப் பக்கம், இரண்டு மீட்டர் தள்ளி, முகக்கவசத்தோடு உள்ளூர் வானொலியின் கிரானியா.

"ஊருக்கெல்லாம் வந்தது இவ்வளவுதான். பதினோரு விநாடி," என்றாள் கிரானியா. "இப்ப நீங்க குடுத்த முழுசையும் போடறேன்."

பதினோரு விநாடிக்கு அப்புறமும் ஊனா பேசினாள். "ஏன் தெரியுமா? இருந்தவங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வரப்போற கூட்டத்துக்கு இடம் வேணுமாம். எனக்குப் பயமா இருக்கு. எத்னா, நீ கடையைச் சாத்து. மலக்கி, அத்தையை வெளிய விடாத."

மலக்கி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். பாதி சுவரில் கொட்டியது.

ஊனா அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். கொரோனா வந்த மார்ச் மாதம், கணவனுக்கும் தங்கை எத்னாவுக்கும் மட்டும் அவள் அனுப்பிய செய்தி அது. யாரோ பாதியில் வெட்டி ஊருக்குள் விட்டார்கள். நர்ஸே சொல்கிறாள், நோயுமில்லை நொடியுமில்லை என்று மேற்கு அயர்லாந்தில் பாதிப் பேர் துள்ளிக்குதித்துக்கொண்டு வெளியே கிளம்பினார்கள்.

ஏப்ரலில் மலக்கியின் அம்மா போனாள். சவ ஊர்தி போன வழி நெடுக, ஊரே அவரவர் வாசலில் நின்று தலைகுனிந்தது. கூட்டம் கூடாத அந்த நாட்களில் அதுதான் மரியாதை.

ஒன்பது நாள் கழித்து ஊனா போனாள். அவளுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. வீட்டு கேட்டில் மட்டும் யாரோ 'பொய்க்காரி' என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். மலக்கி மூன்று தடவை வெள்ளை அடித்தும், வெயில் பட்டால் அது இன்னும் தெரிகிறது.

அது தாங்காமல்தான் போன மாதம் முழுப் பதிவையும் வானொலி நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தான். "அவ பேரு சுத்தமாகணும். வேற எதுவும் வேணாம்," என்றான். வெட்டியது யார் என்று அவன் தேடச் சொல்லவில்லை. தேடியது கிரானியாவின் ரோஷம்.

"அன்னைக்கு நானேதான் அதை ஒலிபரப்புனேன் மலக்கி. ஒரு போன் போட்டு ஊனாகிட்டக் கேட்டிருக்கலாம். கேக்கல. அதான் விடல. நாப்பத்தொரு பேரு! உனக்கு யாரு அனுப்புனா, உனக்கு யாரு அனுப்புனான்னு கேட்டுக்கிட்டே பின்னாடி போனேன். எல்லாம் ஒரே இடத்துல வந்து நிக்குது. சர்ச்சுக்குப் பூ வைக்கிற பொம்பளைங்களோட வாட்ஸ்அப் குழு."

மலக்கி கீழே பார்த்தான். சுவரோரம் அம்மா நட்ட ரோஜாக்கள் உதிர்ந்து கிடந்தன. சனிக்கிழமை தவறாமல் கூடை நிறைய வெட்டிக்கொண்டு போவாள். இந்த வருடம் வெட்ட ஆளில்லை.

"பயந்துபோய்க் குழுவையே அப்பவே அழிச்சிட்டாங்க. போட்டது யாருன்னு ஒருத்தியும் வாயைத் திறக்கல," என்றாள் கிரானியா. "ஆனா அந்தச் செய்தி வந்தது ரெண்டே பேருக்கு. ஒண்ணு நீங்க, இன்னொண்ணு உங்க மச்சினி. எத்னா அந்தக் குழுவுல இருந்தவ."

"அவ என்ன சொன்னா?"

"அழுதா. கூடப்பொறந்தவளுக்கு நான் இப்படிப் பண்ணுவேனான்னு கேட்டா. மாட்டிக்கிட்டா எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க."

"அவ பேரைச் சொல்லாத கிரானியா. ரெண்டு பிள்ளைங்க. அந்த பேக்கரியை வச்சுத்தான் பொழப்பே ஓடுது."

"ஏன் இப்படி இளகிப் போறீங்க? ஊனா அநாதை மாதிரிப் போனாளே, அதுக்கு யாரு பதில் சொல்றது? அஞ்சு மணிக்கு இறப்பு அறிவிப்பு வாசிச்ச கையோட எத்னா பேரைச் சொல்லத்தான் போறேன்."

சொன்னால் சொன்னதுதான். யார் செத்தார்கள் என்று வானொலியில் கேட்காமல் அந்த ஊரில் ஒரு வீட்டிலும் உருளைக்கிழங்கு அடுப்பில் ஏறாது. ஐந்தரைக்குள் எத்னா வீட்டு கேட்டிலும் பெயின்ட் ஏறிவிடும்.

மலக்கி தன் கேட்டைத் திரும்பிப் பார்த்தான். மதிய வெயிலில் அந்த எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

"மைக் ஓடுதா?"

"ஓடுது. ஏதாவது சொல்லணுமா?"

"ஊனா செய்தி வந்த வாரம் முழுக்க எங்கம்மா தூங்கல கிரானியா. ஜெபமாலையைக் கையில வச்சுக்கிட்டு நடுங்கிட்டே இருந்தாங்க. நோய் வர்றதுக்கு முன்னாடி பயமே அவங்களைக் கொண்டுபோயிடுமோன்னு இருந்துச்சு."

"சரி, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

மலக்கி தன் போனை எடுத்தான். பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே மார்ச் மாதம் வரைக்கும் போனான். ஒன்றைத் தொட்டுவிட்டு, போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தான்.

அம்மாவின் குரல் சிரித்துக்கொண்டே வந்தது.

"ஊனாவே காலின்னு சொல்லிட்டாளே! நல்லவேளை அனுப்புனடா மலக்கி, எனக்குப் பயமே போச்சு. எங்க பூக் குழுவுக்கும் போட்டுட்டேன், நாளைக்கு எல்லாரும் சீட்டாடப் போறோம்!"