பராசாவின் வலது கால்

நைரோபியில் ஒரு பட்டறை முற்றம், உச்சி வெயில். பத்தொன்பது வருடம் பயணிகளைச் சுமந்த மட்டாட்டு வேன் எஞ்சின் மூடி திறந்து நிற்கிறது. எஞ்சின் பக்கமும் புகைக்குழாய் பக்கமும் பஞ்சு சுற்றிய மைக்குகள். நியாம்புரா தயாரிக்கும் கார் வீடியோ கேமில், அளவு மீறி முடுக்கினால் எஞ்சின் உடைய வேண்டும். அந்தச் சத்தத்துக்காகவே வேனை விலைக்கு வாங்கியிருக்கிறாள். ஓட்டுநர் இருக்கையில், அத்தனை வருடமும் அதை ஓட்டி, இப்போது விற்ற பராசாவே உட்கார்ந்திருக்கிறார். முள் சிவப்பைத் தொடுகிறது. எஞ்சின் வீறிடுகிறது. உடனே அவருடைய வலது கால் ஆக்சிலேட்டரிலிருந்து தானாக எழும்பிவிடுகிறது. இது மூன்றாவது தடவை.

"என்னண்ணே, மறுபடியும் காலை எடுத்துட்டீங்க?"

"நான் எடுக்கலம்மா. அதுவா எடுத்துக்குது."

"அப்ப உங்க காலே வேணாம்."

அவள் ஒரு கருங்கல்லைத் தூக்கிவந்து ஆக்சிலேட்டர்மேல் வைக்கிறாள். "உருண்டுடாம கையால பிடிச்சுக்கங்க." பராசா ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து இரண்டு கையாலும் பிடிக்கிறார். கண்ணாடியில் மாட்டிய ஜெபமாலை படபடக்கிறது, எண்ணெய் கருகும் வாடை ஏறுகிறது. அலறல் உயர்ந்துகொண்டே போய், உள்ளே ஏதோ முறிந்து, இரும்பை இரும்பு அறைந்து, சட்டென்று அடங்குகிறது. அவர் கல்லை விடவில்லை, நிமிரவும் இல்லை. நியாம்புரா ஹெட்போனை அழுத்திக்கொண்டு, பதிவை முதலிலிருந்து ஓடவிட்டுக் கேட்கிறாள்.

"பிரமாதமா வந்திருக்குண்ணே. கடைசில நீங்க அழுததுதான் கொஞ்சம் விழுந்திருக்கு. பரவால்ல, வெட்டிடலாம்."