பின்னால் வந்தவர்

மகளின் இளைப்பு மட்டும் போனில் கேட்டது. அவள் மலையிடுக்கின் மறுமுனையில் இருந்தாள். மூச்சு மருந்து அம்மாவின் பையில் இருந்தது. இடையில் பாறையைக் குடைந்த ஒற்றையடிப் பாதை. அதன் கீழே, அதல பாதாளத்தில் ஆறு.

பூங்கா வாசலில் அம்மா போட்ட கூச்சலுக்கு ஓடிவந்தவர் காக்கிச்சட்டைக்காரர் ஒருவர்தான்.

“எனக்குக் காலே வரலை தம்பி. நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்களேன்!”

“பேச நேரமில்லைக்கா. முன்னாடி நடங்க, நான் உங்க பையைப் பிடிச்சுக்கறேன். வலது கையில சங்கிலி. பாறையைப் பாருங்க, பள்ளத்தைப் பார்க்காதீங்க.”

அவர் அடிகளை எண்ணிக்கொண்டே பின்னால் வந்தார். அவள் கால் பட்டு ஒரு கல் உருண்டது. அது விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டது.

“கண்ணை மட்டும் மூடிடாதீங்கக்கா!”

“அவளைத் தனியா விட்டது என் தப்பு. வரட்டும், நல்லாத் திட்டறேன்.”

“திட்டறதுக்காவது அங்க போய்ச் சேரணும்ல? நடங்க. முப்பத்தொன்பது, நாற்பது... இங்க தலையைக் குனியுங்க.”

குனிந்தாள். பாறை அவள் தலைமுடியை உரசியது.

மறுமுனையில் மகள் மருந்தை இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் முகம் தெளிந்தது. அம்மா நன்றி சொல்லத் திரும்பினாள். காக்கிச்சட்டைக்காரர் இன்னும் பை வாரை விடவில்லை. அவருடைய கண்கள் இறுக மூடியிருந்தன.

“தம்பி, வந்தாச்சு.”

“நிஜமாவா?” ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “நான் வாசல்ல சீட்டு கொடுக்கறவன்க்கா. பதினோரு வருஷமா எல்லாருக்கும் ஜன்னல் வழியா இதையேதான் சொல்றேன். வந்தது இன்னைக்குத்தான்.”

வந்த பாதையை ஒருமுறை பார்த்தார். வாரை மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.