தனி அடுப்பு

கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஜன்னலோர நாற்காலியில் அண்ணன் உலகநாதன், அடுக்களை வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி மைனி இசக்கியம்மாள், நிலையை ஒட்டித் தரையில் செண்பகவடிவு. நடுவில் வடிவு கடன் சொல்லி வாங்கிவந்த புது மண்ணடுப்பு.

அண்ணனின் குடும்ப அட்டையில் வடிவு பெயரும் இருந்தது. அதனால் அவர் காரும் மாடிவீடும் தாலுகா ஆபீஸ் கணக்கில் அவளுடையவையாகவும் ஆகிவிட்டன. பின்கட்டு அறையில் நாலு சேலையோடு இருப்பவள், தலைக்கு எண்ணெய் வாங்கவும் அண்ணனிடம் கை நீட்டுகிறவள். அரசு உதவித்தொகை கேட்டு எழுதிய மனு, வசதியான குடும்பம் என்று இரண்டு முறை திரும்பிவிட்டது. தனிச் சமையல் என்று அண்ணன் கையெழுத்துப் போட்டால்தான் தனி அட்டை.

"கூடப் பொறந்தவள ஒதுக்கிட்டாம்னு ஊரு காறித் துப்பாதா?"

"நீங்க ஒதுக்கலண்ணே. தாலுகா ஆபீஸ்லதான் உங்க கார என் தலைல ஏத்திட்டாங்க."

மைனி எழுந்தாள். மைனி வாய் திறந்து வடிவுக்கு ஒரு நல்லது நடந்ததில்லை. மைனியோ அடுப்பைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள்.

"சோறு அவ பொங்கட்டும். குழம்பு நான் ஊத்துதேன். குழம்பெல்லாம் பேப்பர்லயா வரப்போவுது? கையெழுத்தப் போடுங்க!"

அண்ணன் சிரித்துவிட்டார். பேனா மூடியைக் கழற்றினார்.

அண்ணன் கையெழுத்துப் போட்ட தனி அட்டை மனுவை வடிவு இன்னொரு முறை வாசித்து, மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். பசை இல்லை. மைனியின் பானையிலிருந்து இரண்டு பருக்கை எடுத்து நசுக்கி ஒட்டினாள். தெருமுனைத் தபால்பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டாள்.