தேய்ந்த பட்டன்

"தொடாதேம்மா! தள்ளி நின்னு நம்பரை மட்டும் சொல்லு. நான் அடிக்கிறேன்."

ராஜாத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிசி ஆலை வாசலில் மாட்டியிருந்த வருகைப்பதிவு மிஷினை மறைத்துக்கொண்டு நின்றார் சூப்பர்வைசர் ஜெய்னுலாபுதீன். ஃப்ரீ பஸ்ஸிலிருந்து இறங்கி விழுந்தடித்து ஓடி வந்த பதினாலு பெண்கள் அவர் எதிரே மூச்சிரைக்க நின்றார்கள்.

"ஏன் பாய், நாங்க தொட்டா மிஷின் தீட்டாயிடுமா?"

"தவிட்டுக் கை பட்டா பட்டன் கெட்டுடும். வர்றதே கடைசி, இதுல வாய் வேற!"

"நாப்பத்தியொண்ணு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் தேய்ந்துபோன பட்டனைக் குத்து குத்தென்று குத்தினார்.

ரெண்டு வருஷமாய் இதே கூத்து. பண்ணை ஆளுங்க எட்டி நில்லு என்றபோது, கொடி பிடித்து ஜெயிலுக்குப் போன பக்கிரியின் மகள் அவள். பாய்க்குமா இந்தப் புத்தி? சும்மா விடுவாளா?

மத்தியானம் நேரே முதலாளி இராஜாங்கத்தின் அறைக்குள் போய் நின்றாள்.

"எட்டு மணிக்கு மேல வந்தா அரை நாள் கூலி வெட்டுன்னீங்க. சரின்னோம். எங்க தெரு ஆளுங்க ரெண்டு வருஷத்துல ஒரு நாள் லேட் ஆயிருக்கமா? ஓடியாந்து பிடிச்சுடுறோம்ல! ஆனா இந்த மனுஷன் எங்களை மிஷின்கிட்டயே அண்ட விட மாட்டேங்கிறாருங்க. தன் கையால குத்திக் குத்திக் கெடுத்துப்புட்டு, பழி எங்க மேல. புதுப் பட்டன் போடுங்க. இனிமே நாங்களே அடிச்சுக்கிறோம்."

"அவரைத் தவிர யாருமே தொடுறதில்லையா?"

"சத்தியமா சொல்றேன், ஒருத்தி விரல்கூடப் பட்டதில்லைங்க!"

மறுநாளே கும்பகோணத்திலிருந்து மெக்கானிக் செல்லதுரை வந்து மிஷினைக் கழற்றினான். முதலாளியும் வந்து நின்றார்.

"எதுக்கு முதலாளி வீண் செலவு? இன்னும் நல்லாத்தானே ஓடுது" என்று இழுத்தார் ஜெய்னுலாபுதீன். முகம் வெளுத்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ராஜாத்திக்கு வயிறு குளிர்ந்தது. வேணும், நல்லா வேணும்!

செல்லதுரை பழைய பட்டன் பலகையை உரித்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"நம்பர் பட்டனெல்லாம் சுமாரா இருக்கு சார். இந்த டைம் மாத்துற பட்டன்தான் ஓட்டையே விழுந்துடுச்சு."

"டைமா? மாட்டுன அன்னிக்கு வச்சதோட சரி. அப்புறம் யாரு மாத்துனா?"

செல்லதுரை மிஷினைத் தட்டிப் பார்த்தான். "மெமரியில நிக்குது சார். தினம் காலையில கால் மணி நேரம் பின்னால தள்ளியிருக்காங்க. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பவும் சரி பண்ணியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் இல்லை. ரெண்டு வருஷமா நடக்குது."

ராஜாத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எட்டு பத்து. நேற்றும் அப்படித்தான். மிஷின் லேட் காட்டாததால், ஓடிப் பிடித்துவிட்டோம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். எட்டு பத்துக்கு இறங்கினவள் என்னதான் தலைதெறிக்க ஓடினாலும் எட்டு மணிக்குள் எப்படி வந்து சேர முடியும்?

ஜெய்னுலாபுதீன் தலையைத் தொங்கப்போட்டபடி நின்றார். மிஷினை மறைத்து நிற்க அவருக்கு இனி வேலை இல்லை.

"முதலாளி, அது வந்து... நான்தான்..." ராஜாத்தி முன்னால் வந்து நின்றாள்.

இராஜாங்கம் அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

"நீயா? அவரைத் தவிர ஒருத்தி விரல்கூடப் பட்டதில்லைன்னு நேத்து சத்தியம் பண்ணுனது யாரு?"