பதினோரு யூனிட்

"பதினோரு யூனிட்டா? நாலு உசிரு இருக்கிற வீட்டுக்கு, ஒரு மாசத்துக்கா?"

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அறிவியல் டீச்சர் நீட்டிய நோட்டை மறுபடி பார்த்தார்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மாதம் தங்கள் வீட்டு மின்சாரச் செலவைக் குறைக்க வேண்டும். தினமும் காலையில் ஸ்டூல் மேல் ஏறி மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். டீச்சர் தொடங்கிய திட்டம் அது; அதிகம் குறைப்பவருக்குப் பரிசு. மற்ற பிள்ளைகள் நூறிலிருந்து எண்பது, எழுபது என்று இறங்கியிருந்தார்கள். வகுப்பே குருவி என்று கூப்பிடும் அந்தப் பெண் மட்டும் அதலபாதாளத்துக்குப் போயிருந்தாள்.

"மீட்டரை நானே பார்த்தேன் சார். ரீடிங் சரிதான்," என்றார் டீச்சர், விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டியபடி.

தலைமையாசிரியருக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டுமென்று தன் அறை ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு மாதமாக வியர்வையில் குளித்தவர் அவர். நாளைக் காலை எல்லோர் முன்னாலும் பரிசைக் கொடுக்கப் போகிறவரும் அவர்தான்.

குருவியைக் கூப்பிட்டனுப்பினார்.

"உள்ளதைச் சொல்லும்மா. திட்ட மாட்டேன்."

குருவி கொஞ்ச நேரம் கால் விரலால் தரையைத் தேய்த்தாள்.

"முதல் ரெண்டு நாள் ஒழுங்காத்தான் இருந்தோம் சார். மூணாம் நாள் தம்பி இருட்டுல கால் இடறி விழுந்து ஊரைக் கூட்டிட்டான். சத்தம் கேட்டு, கீழ் வீட்டுல இருக்கறவங்க வந்தாங்க. ஏன் எல்லாரும் இருட்டுல கெடக்கறீங்க, கீழே வாங்கன்னு கூட்டிட்டுப் போனாங்க."

"போனீங்களா?"

"அப்புறம் தினமும் போனோம் சார்."

மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. அப்பா ஆபீஸ் சட்டைக்கு இஸ்திரி போட்டது அங்கே. அம்மா மிக்ஸி ஓட்டியது அங்கே. பாலும் காய்கறியும் அந்த வீட்டு ஃப்ரிட்ஜுக்கே குடிபோயிருந்தன. தம்பி அந்த வீட்டு ஃபேனுக்கு அடியில்தான் தூங்குவான். கிளம்பும்போது அப்பா தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறுவார்.

தலைமையாசிரியருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"இத்தனைக்கும் அவங்க முகம் சுளிக்கலையா?"

"இல்லை சார். தனியாத்தான் இருக்காங்க. அவங்க பொண்ணு கல்யாணமாகி வெளியூர் போயிட்டாங்க. நாங்க எழுந்தாலே, இன்னும் ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்கன்னு சீட்டுக்கட்டைக் கலைக்க ஆரம்பிச்சுடுவாங்க. கழுதை ஆட்டத்துல எங்க அப்பா தோத்தா, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிப்பாங்க."

டீச்சர் மேஜை மேலிருந்த நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார். தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா இது சிக்கனம் இல்லையே. உங்க வீட்டு மீட்டர் ஓட வேண்டியதுக்கு, பாவம், அவங்க வீட்டு மீட்டர் ஓடியிருக்கு. பரிசு உனக்கில்லை. இனிமே அவங்களைத் தொந்தரவு பண்ணவும் கூடாது. என்ன?"

"சரி சார்."

குருவியின் கண்கள் நிறைந்துவிட்டன. பரிசுக்காக அழுகிற அழுகையாக அது தெரியவில்லை. அவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சரி, விடு. திட்டம்தான் நேத்தோட முடிஞ்சு போச்சே," என்று டீச்சர் பக்கம் திரும்பினார்.

"முடியலை சார்," என்றார் டீச்சர் அவசரமாக. "இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம்னு இருக்கேன்."

தலைமையாசிரியர் ஒன்றும் புரியாமல் விழித்தார். குருவி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"அப்போ இன்னிக்குச் சாயங்காலமும் நாங்க கீழே வரலாமா டீச்சர்?"