முடி சுருட்டும் தாள்

"மொட்டைத் தலைக்கு முடி சுருட்டுற தாள் எதுக்கு, டெல்மர்?"

கணவனின் சட்டைப் பையில் கிடைத்த தாள் கட்டை மேஜையில் போட்டாள் ஓப்பல்.

"வாரா வாரம் லூயெல்லாவோட பியூட்டி பார்லர்ல நிக்கிறியாமே! அவளுக்கும் உனக்கும் ஏதாவது இருக்கா?"

டெல்மர் கொஞ்சம் யோசித்தான். "இருக்கு. மன்னிச்சிடு."

"அப்பாடா! இன்னொரு துப்பாக்கி வாங்கிட்டியோன்னு பயந்தே போயிட்டேன். சரி, போயிட்டு வா. மக்காச்சோள ரொட்டி ஆறுறதுக்குள்ள வந்துடு."

தாளை எடுத்துக்கொண்டு நேரே துப்பாக்கி சுடும் திடலுக்குப் போனான் டெல்மர். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து மாதிரியில் செய்த புதுத் துப்பாக்கியை கார் டிக்கியிலிருந்து எடுத்தான். வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் அந்தத் தாளில் சுருட்டி, உள்ளே தள்ளிச் சுட்டான்.

புகை விலகியபோதுதான், தங்களுக்குள் 'ஏதோ இருக்கு' என்று லூயெல்லாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றியது.