ரத்தம் தேவைப்படவில்லை

"ரத்தம் ரொம்பப் போகுமா டாக்டர்? அத்தைக்கும் எனக்கும் ஒரே குரூப்தான். என்கிட்டயே எடுத்துக்குங்க," என்றாள் பவ்யா.

"தேவைப்படாதும்மா. தசையை அறுக்காம, ஒதுக்கிட்டுத்தான் இடுப்பு மூட்டை மாத்தப் போறோம். ரத்தம் கொஞ்சம்தான் போகும்."

"அதான் டாக்டரு சொல்றாருல்ல, இன்னாத்துக்கு இம்மாம் பயம்?" என்றாள் அத்தை கன்னியம்மாள்.

டாக்டர் சொன்னபடியே, ரத்தம் ஏற்றாமலே ஆபரேஷன் முடிந்தது. மறுநாள் காலை பவ்யா கட்டிலருகே உட்கார்ந்து அத்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"கொடுத்துவச்ச மாமியார் நீங்க!" என்றாள் நர்ஸ். "ஆமா, உங்க பையன் எங்க? ஆளையே காணோமே?"

பவ்யாவின் கை அப்படியே நின்றது. கன்னியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்கும் இவளுக்கும் போன வருசமே டைவர்ஸ் ஆயிட்ச்சிம்மா. எனக்கும் இவளுக்கும் ஆவல."